மேலே ஒட்டின லேபிள்

கரண்ட் காலையிலேயே போய்விட்டது. மாதத்தில் ஒருநாள் பராமரிப்பு என்று நிறுத்துவார்கள், சாயங்காலம்தான் வரும். மற்ற நாளாக இருந்தால் கோகிலாமணிக்கு அது தெரிந்தே இருக்காது. பனியன் கம்பெனியில் ஜெனரேட்டர் ஓடும், செக்கிங் டேபிளுக்கு மேலே ட்யூப்லைட் எரிந்துகொண்டே இருக்கும், பீஸ் வந்துகொண்டே இருக்கும். இன்றைக்கு லீவு. லீவு போட்டதே இந்தப் பார்சலுக்காகத்தான். வந்ததை வாங்கி, டேப்பைக் கிழித்து, தெர்மாகோல் மூடியைத் திறந்து மேஜையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தவள், இன்னும் எழுந்திருக்கவில்லை. உள்ளே இருந்த ஐஸ் பை முழுக்க உருகி, பிடித்தால் கைக்குள் குழைந்தது, குளிர்ச்சி என்பதே இல்லை, வெயிலில் நிறுத்தின வண்டி சீட் மாதிரி வெதுவெதுவென்று இருந்தது. இதை நெட்டில் வாங்கி அனுப்பின தம்பி பெண்டாட்டி மேனகா, ஃப்ரிட்ஜில் வையுங்கள் என்று சொல்லியிருந்தாள். ஃப்ரிட்ஜுக்குக் கரண்ட் இல்லை. அட்டைப்பெட்டி, அதற்குள் பேனா மாதிரி ஒரு ஊசி, வாரத்துக்கு ஒருதடவை வயிற்றில் போட்டுக்கொண்டால் பசி அடங்கும், உடம்பு வற்றும். வற்றினால்தான் டாக்டர் அவளை ஆபரேஷன் மேஜையில் ஏற்றுவார். ஏற்றினால்தான் அவளுடைய கிட்னி ஒன்று தம்பி லோகுவுக்குப் போகும். எல்லாம் ஒன்றோடொன்று கோத்த மாதிரி இருந்தது. கோத்த நூலின் ஒரு முனை இந்தப் பேனாவில் இருந்தது, இன்னொரு முனை, இந்நேரம் டயாலிசிஸ் கட்டிலில் கையை நீட்டிப் படுத்திருக்கும் லோகுவின் புடைத்த நரம்பில் இருந்தது, நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள், விசிறக்கூட அலுப்பாக.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். பொருந்துதுங்கம்மா, உங்க ரத்தமும் அவர் ரத்தமும் நல்லாப் பொருந்துது, ஆனா இந்த எடையோட எடுத்தா உங்களுக்கு ஆபத்து, குறைச்சுட்டு வாங்க. குறைச்சுட்டு வாங்க என்று சொல்வது எவ்வளவு லேசு. கடைக்குப் போய் கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க என்கிற மாதிரி. அன்றைக்கு லிஃப்ட்டில் இறங்கும்போது மேனகா அவளைப் பார்த்தாள். லோகுவின் பெண்டாட்டி, குச்சி மாதிரி இருப்பாள், கல்யாணத்தன்றைக்கு உடுத்தின ஜாக்கெட் இன்றைக்கும் தொளதொளவென்று இருக்கும். அவள் பார்த்தது கோபமாக இல்லை, இரக்கமாகவும் இல்லை. அளவு பார்க்கிற மாதிரி இருந்தது, எவ்வளவு துணி வெட்ட வேண்டியிருக்கும் என்று. அப்படியெல்லாம் இருக்காது, பாவம், அவள் ராத்திரி தூங்கியே எத்தனை நாளாயிற்றோ. ஆனாலும் அந்தப் பார்வை நெஞ்சில் ஊக்கு மாதிரி மாட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. அதற்கப்புறம் கோகிலாமணி கொள்ளு தின்றாள், கொள்ளு ரசம், கொள்ளுச் சுண்டல், கொள்ளுத் துவையல்; கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று கம்பெனியில் பார்க்கிறவர்களெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள், யாரோ புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி. விடியக்காலம் நடந்தாள். முட்டி வீங்கிற்று. டீ டைமில் எல்லாரும் வடையைப் பிய்க்கும்போது அவள் பாத்ரூமில் போய் முகம் கழுவிக்கொண்டு நின்றாள். கொஞ்சம் குறைந்தது. பிறகு நின்றுவிட்டது. பிறகு ஒருநாள் சமையலறையில் நின்றுகொண்டே, விளக்குக்கூடப் போடாமல், டப்பாவில் இருந்த நாட்டுச்சர்க்கரையை அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள், போட்டுக்கொண்டிருப்பது பாதியில்தான் தெரிந்தது. பசி இல்லை. ருசியும் இல்லை. இந்தக் கை யாருடைய கை, இது எதற்காகத் தின்கிறது, இளைத்துவிட்டால் ஆபரேஷனுக்குப் போக வேண்டி வருமே என்று தின்கிறதா. அந்த நினைப்பு வந்ததும் டப்பாவை மூடிவிட்டாள். நினைப்பு மூடிக்கொள்ளவில்லை.

கூடப்பிறந்தவனுக்குத்தானே என்கிறார்கள் எல்லாரும். அவள் வீட்டுக்காரர் ஒருத்தர்தான் ஒன்றும் சொல்லவில்லை. சாயப்பட்டறை வண்டியை நிறுத்திவிட்டு வந்து கைகால் கழுவினவர், "உன்ர உடம்பு, நீதான் சொல்லோணும்," என்றதோடு சரி. அது ஆதரவா, கைகழுவலா என்று இன்றுவரைக்கும் புரியவில்லை. சொல்லோணும் என்றால் யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது. பயமாக இருக்கிறது என்று சொன்னால் தரமாட்டேன் என்றுதான் காதில் விழும். ஒரு கிட்னி போதும் வாழ்வதற்கு என்று நோட்டீசில் படம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். சிரிக்கிற அக்கா, சிரிக்கிற தம்பி. படுக்கும்போது ஒருக்களித்து விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திப் பார்ப்பாள், எங்கே இருக்கிறது அது, இத்தனை வருஷமாக ஒரு வார்த்தை பேசாமல் வேலை செய்துகொண்டு. லோகு பள்ளிக்கூடம் போகிற காலத்தில் ஒரே சைக்கிள், அவன் முன்னால் குறுக்குக் கம்பியில் உட்கார, மேட்டில் அவள் எழுந்து நின்று மிதிப்பாள், அவன் அசையாமல் இருப்பான், அக்காவுக்குப் பாரம் தெரியக்கூடாதென்று மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டிருப்பான். இப்போதும் அப்படித்தான். அவன் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கோபித்துக்கொள்ளவாவது செய்யலாம்.

போன் அடித்தது. மேனகாதான். "அண்ணி, வந்துருச்சுங்களா?" "வந்துருச்சு கண்ணு." "பாத்தனுங்க, டெலிவரி ஆயிருச்சுன்னு காட்டுச்சு. போட்டுட்டீங்களா?" "இனித்தான். ஐஸெல்லாம் உருகிக் கெடக்குது மேனகா. இங்க கரண்டும் இல்ல." "கொஞ்ச நேரம் வெளிய இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு அவங்களே போட்டிருக்காங்கங்க. அவர டயாலிசிசுக்கு அவரு சிநேகிதர்தான் கார்ல கூட்டிட்டுப் போயிருக்காரு, நான் வீட்டுலதான் இருக்கறேன். வேணும்னா வந்து போட்டு உடட்டுங்களா?" "வேண்டாம், வேண்டாம். நானே பாத்துட்டுப் போட்டுக்கறேன்." "பாக்கறதுக்கு என்னங்க இருக்குது." அதைச் சாதாரணமாகத்தான் கேட்டாள். கோகிலாமணி சொன்னாள்: "புது மருந்து பாரு. கொஞ்சம் பயமா இருக்குது." அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. பிறகு, "சரிங்க அண்ணி," என்று வைத்துவிட்டாள். சரிங்க என்பது எத்தனை விதமாக இருக்கிறது. இது எந்த விதம். கோபமா, ஏமாற்றமா, இப்படித்தான் ஆகும் என்று முன்னாலேயே தெரிந்துவைத்திருந்ததா.

பார்க்கறதுக்கு என்ன இருக்குது. அவள் பிழைப்பே பார்ப்பதுதான். வருஷக்கணக்காகத் தையலையும் கழுத்துப்பட்டியையும் சைஸ் லேபிளையும் பார்த்துப் பார்த்து, கண் தானாகவே ஓரத்துக்குப் போய்விடும், சரியாக இருக்கிற இடத்தில் நிற்காது. பெட்டியைக் கையில் எடுத்தபோதே போயிற்று. மேலே எழுத்து கொஞ்சம் பிசிறடித்திருந்தது, வெள்ளைக்குள் நீலம் கசிந்த மாதிரி. பெட்டி மூடியில் சீல் ஒட்டியிருந்த இடத்தில் பசை இரண்டு தடவை காய்ந்த தடம். பெட்டியில் ஒரு பேட்ச் நம்பர், பேனாவில் ஒரு பேட்ச் நம்பர். கடைசி எழுத்துகள் ஒத்துப்போகவில்லை. தயாரித்த கம்பெனி முகவரியில் ஊர் பெயருக்கு ஒரு எழுத்து குறைந்தது. உள்ளே மடித்து வைத்திருக்க வேண்டிய விவரத்தாள் இல்லை. இந்த ஊரில் இதெல்லாம் தெரியாதவர்கள் யார். கழித்துப்போட்ட செகண்ட்ஸ் பனியனுக்குப் பெரிய பேர் லேபிளைத் தைத்தால் அது பெரிய பனியன், போடுகிறவனும் சந்தோஷமாகப் போட்டுக்கொள்கிறான், யாருக்கு என்ன நஷ்டம். பனியன் சாயம் போனால் தரை துடைக்கலாம். ஆனால் இங்கேதான் கோகிலாமணிக்குத் தன் கண் மேலேயே சந்தேகம் வந்தது. சூப்பர்வைசர் அடிக்கடி சொல்வார், கழிக்கணும்னு முடிவு பண்ணிட்டு எடுத்தா எந்த பீஸ்லயும் குத்தம் கண்டுபிடிக்கலாம் என்று. நீ கழிக்கணும் என்று முடிவு பண்ணிவிட்டுத்தான் எடுத்தாயா கோகிலா. பிசிறு நிஜமாகவே இருக்கிறதா, அல்லது உனக்கு வேண்டியிருக்கிறதா. ஜன்னல் வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். இருந்தது. திரும்ப வந்து உட்கார்ந்தாள். திரும்ப எழுந்து போய்ப் பார்த்தாள். அப்போதும் இருந்தது, ஆனால் பார்த்த நிம்மதி வரவில்லை, ஏனென்றால் பிசிறைப் பார்த்ததும் உள்ளுக்குள் ஏதோ ஒன்று ஆசுவாசமாகக் காலை நீட்டிக்கொண்டது, அதை அவளே பார்த்துவிட்டாள்.

தெருமுனை மெடிக்கல்காரரிடம் போன வாரம் பேச்சுவாக்கில் கேட்டிருந்தாள், நெட்டுல வாங்கினா எப்படிங்க என்று. அவர் பில் போட்டுக்கொண்டே சொன்னார், நெட்டுல வாங்கறது தப்பில்லீங்க, நல்ல கடையும் இருக்குது, ஆனா டாக்டர் சீட்டைக் கேக்காம ஊசி விக்கறவன் கடை, கடையே இல்லீங்க. லைசென்ஸ் நம்பர் போட்டிருக்கறானா, ஒரு பார்மசிஸ்ட்டு பேசறானா, எங்க இருக்கறான்னு அட்ரஸ் இருக்குதா, அதெல்லாம் பாக்கோணும். மேனகா வாங்கின இடத்தில் சீட்டு கேட்டார்களா? கேட்கவில்லை. வயசும் எடையும் மட்டும் கேட்டார்கள் என்று அவளே சொன்னாள், ரொம்ப ஈசிங்க அண்ணி என்று சந்தோஷமாக. ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் சொன்ன விலையில் இது பாதிகூட இல்லை. ஏன் டாக்டரையே கேட்கவில்லை? கேட்டால் இன்னும் ஒரு டெஸ்ட், இன்னும் ஒரு மாசம், அதற்குள் லோகுவின் கால் இன்னும் வீங்கும், முகம் இன்னும் சாம்பல் பூக்கும், அதனால் கேட்கவில்லை என்று மேனகா சொன்னாள். நீயும் கேட்கவில்லையே கோகிலா, நீ எதற்காகக் கேட்கவில்லை? கேட்டால் டாக்டர் நல்ல ஊசியாக எழுதிக்கொடுத்துவிடுவார் என்றா? இந்த இடத்துக்கு வந்தால் நினைப்பு நகராது, மெஷினில் நூல் சிக்கின மாதிரி அதே இடத்தில் குத்திக்கொண்டே இருக்கும்.

பெட்டியின் அடியில் இருந்த போன் நம்பருக்குப் போட்டாள். நிறைய நேரம் அடித்து ஒரு ஆம்பிளைக் குரல் வந்தது, பின்னால் டிவி சத்தம். "சொல்லுங்க மேடம்." பேட்ச் நம்பர் மாறியிருக்கிறது என்றாள். "அது பேக்கிங்ல அப்படித்தான் மேடம் வரும். தைரியமாப் போடுங்க." "நீங்க பார்மசிஸ்ட்டுங்களா?" "நான் கஸ்டமர் கேர் மேடம்." "பார்மசிஸ்ட்டுகிட்டக் குடுங்க." "அவர் சாப்பிடப் போயிருக்கார்." இன்னும் மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. "கடை எந்த ஊர்லங்க?" டிவி சத்தம் நின்றது, பிறகு லைனும் நின்றது. மறுபடி போட்டாள். அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். இப்போது அடிக்கவே இல்லை. அட, இவ்வளவுதானா என்று இருந்தது. கோபம் வரவில்லை. கோபத்துக்கு வேண்டிய தெம்பு எங்கேயோ வழியில் செலவாகிவிட்டிருந்தது. பேனாவை எடுத்து விரலால் உருட்டினாள். உருட்டும்போது விரல் நின்றது. லேபிளின் ஓரம் ஒரு நூல் கனத்துக்கு மேடாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத மேடு. தினமும் ஆயிரம் லேபிளைத் தடவுகிற விரலுக்குத்தான் தெரியும். நகத்தைக் கொடுத்து நெம்பினாள். முனை எழுந்தது. மெதுவாக, பீஸில் தப்பாக ஒட்டின ஸ்டிக்கரைத் துணி கிழியாமல் எடுக்கிற மாதிரி உரித்தாள். கீழே இன்னொரு லேபிள் இருந்தது. வேறே நிறம். இங்கிலீஷில் எழுத்துக்கூட்டி வாசித்தாள், வாசித்ததை நம்பாமல் மறுபடி கூட்டினாள். இன்சுலின். லோகு வீட்டு ஃப்ரிட்ஜில் கதவோரம் இருக்கிற சின்னக் குப்பிகளில் அதே வார்த்தையை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அவனுக்குச் சர்க்கரைதானே கிட்னியைத் தின்றது. அவன் குப்பியில் இருந்து சிரிஞ்சில் உறிஞ்சிப் போடுகிறவன், இந்த மாதிரிப் பேனாவை அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. சர்க்கரையே இல்லாத உடம்பில் இதைப் போட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஒருதடவை லோகு சாப்பிடாமல் போட்டுக்கொண்டு, வேர்த்து, வாய் குழறி, அக்காவையே யார் நீ என்று கேட்டான்.

முதலில் வந்தது நிம்மதி. அதைப் பின்னால் எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் அப்படித்தான், முதலில் வந்தது நிம்மதி. பிசிறு நிஜம், கண் பொய் சொல்லவில்லை, போட வேண்டாம், இளைக்க வேண்டாம், யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. அந்த நிம்மதியில் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள், கழுத்தில் வேர்வை இறங்குவது சுகமாகக்கூட இருந்தது. அப்புறம்தான், மேனகா இரண்டு பெட்டி வாங்கினேன் என்று சொன்னது ஞாபகம் வந்தது. அடுத்த மாசத்துக்கு இருக்கட்டும் என்று ஒன்றைத் தன் வீட்டு விலாசத்துக்கு முன்னாலேயே வரவழைத்து வைத்திருந்தாள். அதனால் என்ன, அது ஃப்ரிட்ஜில் கிடக்கும், சொன்னால் தூக்கிப் போட்டுவிடுவாள். இருந்தாலும் போனை எடுத்தாள். அந்த 'சரிங்க அண்ணி' காதில் இருந்தது.

ரொம்ப நேரம் அடித்துத்தான் எடுத்தாள். "மேனகா, அந்த ஊசி டூப்ளிகேட். மேல லேபிள் ஒட்டியிருக்கறாங்க. உள்ள இருக்கறது இன்சுலின்." போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "கேக்குதா கண்ணு?" "அண்ணி," என்றாள் மேனகா, குரல் தூக்கத்தில் இருந்து வருகிற மாதிரி இருந்தது. "நான் போட்டுக்கிட்டனுங்க." "எதை?" "எங்கிட்ட இருந்தத. நீங்க பயமா இருக்குதுன்னீங்கல்லங்க. நான் போட்டுப் பாத்து ஒண்ணும் ஆகலேன்னு சொன்னா உங்களுக்குத் தைரியமா இருக்கும்னு." கொஞ்சம் நிறுத்தி, "கை நடுங்குதுங்க. பசின்னு நெனச்சேன்," என்றாள்.

கோகிலாமணி எழுந்தது அவளுக்கே தெரியாது. "சாப்புட்டயா?" "இல்லீங்க, அவரு வந்தப்பறம்..." "மேனகா, நான் சொல்றதக் கேளு. சமையலறைக்குப் போ. சக்கரை டப்பா எங்க இருக்குது?" "மேல." "எட்டி எடு. தண்ணியில போடு, நெறையப் போடு, குடி. போனை வைக்காத." டப்பா விழுகிற சத்தம் கேட்டது. "கொட்டிருச்சுங்க." "கொட்டுனா கொட்டிட்டுப் போகுது, தரையில இருந்து அள்ளி வாயில போடு. போட்டயா? மெல்லு. முழுங்கு. கதவைத் தெறந்து வையி." பேசிக்கொண்டே செருப்பு மாட்டினாள், உரித்த பேனாவையும் பெட்டியையும் பைக்குள் போட்டாள், படி இறங்கினாள், எதிர்வீட்டுப் பெண்ணின் போனை வாங்கி மேனகாவின் கீழ்வீட்டு அக்காவைப் பிடித்து, மேலே ஓடுங்கக்கா என்றாள், ஆம்புலன்சுக்குச் சொன்னாள், ஆட்டோவில் ஏறினாள். அனுப்பர்பாளையத்தில் இருந்து வேலம்பாளையம் கூப்பிடு தூரம்தான், அன்றைக்கு அது நீண்டுகொண்டே போனது. காதில் மேனகா சர்க்கரையை மெல்லுகிற சத்தம், நறநறவென்று. அது நிற்கும்போதெல்லாம், "மெல்லு கண்ணு," என்றாள். ஒருதடவை நின்றுவிட்டது. ரோட்டில் ஒரு லாரி ஹாரன், ஆட்டோக்காரர் ஏதோ கேட்கிறார், ஒன்றும் காதில் ஏறவில்லை. மேனகா, மேனகா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கீழ்வீட்டு அக்காவின் குரல் வந்தது. "கண்ணு சொருகுதுங்க, ஆனா முழுங்கறா. வண்டி வந்துருச்சு."

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். டியூட்டி டாக்டர் சின்னப் பெண், பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை எங்ககிட்டயே குடுங்க, மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீசுக்கு அனுப்பணும், சர்க்கரை மறுபடி இறங்கலாம், நாளைக்கு வரைக்கும் இங்கேயே இருக்கட்டும் என்றாள். சர்க்கரை குடுத்தது நல்லதாப் போச்சு என்றும் சொன்னாள். கோகிலாமணி கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முட்டி விண்விண்ணென்று தெறித்தது. உடம்பு முழுக்க யாரோ உதறிப் பிழிந்து காயப்போட்ட மாதிரி இருந்தது. மேனகாவின் உதட்டோரத்தில் இன்னும் சர்க்கரை ஒட்டியிருந்தது, முந்தானையால் துடைத்துவிட்டாள். இந்த முகத்தைத்தான் அளவு பார்க்கிற முகம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி." மேனகா கண்ணைத் திறக்காமல் பேசினாள். "ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு."

"உங்களுக்குக் குடுக்க இஷ்டமில்லீங்களா?"

இந்தக் கேள்வி வந்தால் என்ன ஆகுமோ என்று எத்தனை ராத்திரி நெஞ்சு அடித்துக்கொண்டது. வந்துவிட்டது, ட்ரிப்ஸ் சொட்டிக்கொண்டிருந்தது, பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

"தெரியல கண்ணு. ரொம்பப் பயமா இருக்குது. அவனைப் பாத்தாக் குடுக்கோணும்னு இருக்குது, வீட்டுக்கு வந்து தனியாப் படுத்தா வேண்டாம்னு இருக்குது. ரெண்டும் நெசந்தான்."

மேனகா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். பிறகு, "எனக்கு உங்களக் கேக்கறதுக்குப் பயமுங்க," என்றாள். "கேட்டா இல்லைன்னு சொல்லிருவீங்களோன்னு. அதான் ஊசி ஊசின்னு உங்கள அரிச்சேன்."

"கோயமுத்தூர் டாக்டர்கிட்டப் போலாம். நீயும் வா. நடந்ததச் சொல்லி, நல்ல மருந்து இருக்குதான்னு அவரையே கேப்போம். எம் பயத்தையும் அவர்கிட்டச் சொல்றேன். அதுக்கப்பறம் என்ன தோணுதோ அதச் சொல்லிர்றேன். உன்ர மூஞ்சியப் பாத்துச் சொல்றேன்."

"சரிங்க அண்ணி," என்றாள் மேனகா. இந்தத் தடவை அது எந்த விதம் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கொஞ்சம் கழித்து, "அவருக்கு இப்ப முடிஞ்சிருக்குமுங்க. சிநேகிதருக்கு வேலை இருக்குதாம். யாரு போய்க் கூட்டிட்டு வர்றது?" என்றாள்.

"நான் போறேன். நீ தூங்கு."

நர்சிடம் சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்தாள். லோகு டயாலிசிஸ் கட்டிலில் இருந்து எழும்போது கொஞ்ச நேரம் தள்ளாடுவான், யாராவது தோளைக் கொடுக்க வேண்டும், கொடுத்தாலும் சாயமாட்டான், விரல் நுனியால் தொட்டுக்கொண்டு நடப்பான். மேனகா எங்கே என்றுதான் முதலில் கேட்பான். எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும், ஊசி, லேபிள், தரையில் கொட்டின சர்க்கரை. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கும்போது, எதில் இருந்து ஆரம்பிப்பது என்று மனசு வழக்கம்போல இங்குமங்கும் அலைந்தது. கடைசிப் படியில் மூச்சு வாங்க நின்றாள். பயமாக இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடலாம் என்று பட்டது. மற்றதெல்லாம் அதற்கப்புறம் தானாக வரும்.